சீட் நடுங்கினால் டாம்பரைத் திட்டாதீர்கள்: கிராங் புல்லிக் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

இஞ்சினின் முகப்பில் பெல்ட் ஓடுகிற கனத்த சில்லை நாங்கள் எல்லோரும் கிராங் புல்லி என்றுதான் சொல்கிறோம். அநேக இஞ்சின்களில் அது உண்மையில், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங் தண்டின் அதிர்வை அடக்கும் டாம்பர். பாதிப் பிழை அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. புல்லி என்றால் பெல்ட்டைச் சுற்றவைக்கும் ஒரு சில்லு, அளவு பொருந்தினால் எதையும் போடலாம் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. கிளிநொச்சியில் நான் வேலை பழகிய கராஜிலும் அப்படித்தான். றப்பர் விட்டுப்போன புல்லியை லேத்துக்கு அனுப்பி, உள் துண்டையும் வெளி வளையத்தையும் சேர்த்து வெல்ட் பிடித்துப் பூட்டினோம். பெல்ட் ஓடியது, பற்றரி சார்ஜ் ஏறியது, காசும் வாங்கியாயிற்று. பிறகு அதே வாகனம் கிராங் முறிந்து கட்டியிழுத்து வந்தபோது, "பழைய இஞ்சின்தானே" என்று ஒரு வார்த்தையில் கதை முடிந்தது. வெல்ட் பிடித்த கையில் என் கையும் ஒன்று.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் இருந்ததை வைத்தே ஓடவேண்டி வந்தது. வேறு இஞ்சின் இறக்கினோம், டர்போ இல்லாத டீசலுக்கு டர்போ பூட்டினோம், ஃபிளைவீலைக் கடைந்து பாரம் குறைத்தோம். அந்த வேலைகளின் பலன் இப்போது ஒவ்வொன்றாக முற்றத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

முதலில் அந்தச் சில்லு என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஈரச் சாரத்தைப் பிழிந்துவிட்டுக் கையை விட்டால் அது தானே திரும்பி அவிழும். கிராங்கும் அப்படித்தான். எவ்வளவு தடித்த இரும்பாக இருந்தாலும், ஒரு சிலிண்டர் வெடிக்கும் கணத்தில் கொஞ்சம் முறுகி, அடுத்த கணம் அவிழ்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் இஞ்சினில் செக்கனுக்கு 100 வெடிப்பு, ஆறு சிலிண்டரில் 150. பின்முனையைப் பாரமான ஃபிளைவீல் பிடித்துக்கொள்வதால் அதிகம் முறுகுவது முன்முனைதான். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையைச் சரியான நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினாலே போதும், ஊஞ்சல் உயரப் போகும். வெடிப்புகளின் தாளமும் கிராங்கின் சொந்தத் தாளமும் ஒத்துப்போகிற சுற்றில் அந்த முறுக்கமும் அதே மாதிரி ஏறிக்கொண்டே போகும்.

அதை அடக்கத்தான் டாம்பர். நடுவில் கிராங்கோடு பூட்டிய உள் துண்டு, வெளியே பாரமான வளையம், இரண்டுக்கும் இடையில் றப்பர். கிராங் சடாரென்று முறுகும்போது வெளி வளையம் தன் பாரத்தால் உடனே கூட வராது. இழுபறியை றப்பர் வாங்கி, சூடாக்கி, காற்றில் விடுகிறது. பெரிய டீசல்களில் றப்பருக்குப் பதில் மூடிய பெட்டிக்குள் பிசின் போன்ற சிலிக்கோன் திரவத்தில் வளையம் மிதக்கும். பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1900களின் தொடக்கத்திலேயே இந்த வகை டாம்பரை உருவாக்கிவிட்டார். அன்று தலையிடி கொடுத்தது நீளக் கிராங் உள்ள ஆறு சிலிண்டர் இஞ்சின்கள். இன்றும் அதிகம் தலையிடி தருவது அவைதான்.

கொம்பனி அந்த றப்பரின் கடினத்தையும் வளையத்தின் பாரத்தையும் அந்த ஒரு கிராங்குக்கென்றே கணக்குப் பார்த்து வைத்திருக்கும். நாங்கள் இஞ்சினில் கை வைத்ததும் கணக்கு மாறுகிறது. பாரமான பிஸ்டனோ, அதைக் கிராங்கோடு இணைக்கும் ரொட்டோ போட்டால் கிராங்கின் சொந்தத் தாளம் கீழே இறங்கும். ஃபிளைவீலை இலேசாக்கினால் மேலே ஏறும். டர்போ பூட்டினால் தாளம் அப்படியே இருக்கும், அடியின் பலம் கூடும். ஒரு கணக்குக்கு, ஆறு சிலிண்டர் கிராங் ஒன்றின் தாளம் செக்கனுக்கு 350 என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. 350ஐ 60ஆல் பெருக்கி 3ஆல் பிரித்தால் 7000 சுற்று. கொம்பனி 6800இல் எல்லை போட்டிருந்தால் அந்தப் பெரிய அடியை இஞ்சின் ஒருநாளும் காணாது. கொம்பியூட்டரில் எல்லையை 7500 ஆக்கிய தம்பி தினமும் அதற்குள் போய் வருகிறார்.

இனி இந்தக் கட்டுரையின் மைய விஷயம். முறுக்கு அதிர்வு உங்கள் சீட்டுக்கு வராது. கிராங் தனக்குள்ளேயே முறுகி அவிழ்கிறது, இஞ்சின் கட்டை அசைவதில்லை. உடம்புக்குத் தெரிகிற நடுக்கம் அநேகமாக வேறு எங்கிருந்தோ வருவது. டாம்பர் கெட்டால் அது கொல்வதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கும். ஆகவே கீழே உள்ள அறிகுறிகளில் பாதி, "இது டாம்பர் இல்லை" என்று முடியும். ஏமாற்றமாக இருந்தால் மன்னிக்கவும், காசு மிச்சம்.

"அண்ணை, ஸ்லோவில நிக்கேக்க சீட் நடுங்குது"

டாம்பரை விடுங்கள். இஞ்சின் மவுண்டிங் மூன்றையோ நாலையோ பாருங்கள். வேறு இஞ்சின் இறக்கிய வாகனம் என்றால் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். இரும்புத் தகட்டை வெட்டி வெல்ட் பிடித்து, றப்பரே இல்லாமல் இறுக்கியிருப்பார்கள். அடுத்தது, ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறதா என்று பாருங்கள். டீசல் என்றால் எரிபொருளைத் தெளிக்கும் நொசிலைப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும், இஞ்சின் ஓடும்போது புல்லியை முன்னால் நின்று பாருங்கள். விளிம்பு எட்டுப் போட்டு ஆடினால் றப்பர் விட்டுவிட்டது. பார்க்கும்போது சாரம், சால்வை, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கவேண்டாம். சாரத்தோடு ஓடும் பெல்ட்டுக்குக் கிட்ட நிற்பவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

"மூவாயிரம் தாண்டினா உதறுது"

வாகனத்தை நிறுத்தி, நியூட்ரலில் அதே 3000க்கு ஏற்றுங்கள். உதறல் இல்லையென்றால் பிழை அநேகமாக இஞ்சினில் இல்லை. சில்லு பலன்ஸ், புரொப்பலர் சாஃப்ட், அதன் கிரொஸ் என்று பின்னால் போங்கள். உள்ளூர்க் கிரவல் பாதைகளில் ஓடும் ஹைலக்ஸ், டொல்பின் வாகனங்களில் அநேகம் அங்கேதான் அகப்படும். நியூட்ரலிலும் உதறினால் கிளச்சை மிதித்துப் பாருங்கள். குறைந்தால் கிளச் தட்டின் பக்கம். ஃபிளைவீலை எங்காவது கடைந்தீர்களா என்று கேட்டால் அரைவாசிப் பேர் தலையைச் சொறிவார்கள். கடைந்த பிறகு பலன்ஸ் பார்க்காத ஃபிளைவீல், முறுக்கத்துக்குச் சம்பந்தமில்லாத சாதாரண ஆட்டத்தைத் தரும். அது நேரே சீட்டுக்கு வரும்.

நியூட்ரலில், கிளச் மிதித்தும், ஒரே சுற்றில் மட்டும் உதறி, கொஞ்சம் மேலே போனால் விட்டுவிடுகிறதா? அப்போது புல்லியைக் கழற்றிப் பார்க்கலாம். இங்கே உள்ள ஆபத்து எங்கள் வீதி. புளியங்குளம் தாண்டினால் ஏ9 நீட்டுக்கு நேராகக் கிடக்கிறது. ரேடாரோடு நிற்கும் பொலிசுக்குப் பயந்து எல்லோரும் ஒரே வேகத்தில், ஒரே சுற்றில் வைத்து ஓட்டுகிறோம். மலைநாட்டில் கியர் மாற்றி மாற்றி ஓடுபவர் கெட்ட சுற்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். இங்கே அந்தச் சுற்றிலேயே மணிக்கணக்காகக் குந்தியிருக்க வாய்ப்பு உண்டு. சந்தேகம் இருந்தால், கழற்றும்வரை 300, 400 சுற்று கூட்டியோ குறைத்தோ ஓட்டுங்கள்.

"முன்னால டக் டக் எண்டுது, பெயாரிங் போச்சோ?"

அவசரப்பட்டு இஞ்சினை இறக்கவேண்டாம். தளர்ந்த கிராங் புல்லி அச்சொட்டாக, ரொட் கிராங்கைப் பிடிக்கும் பெரிய முனைப் பெயாரிங் மாதிரியே தட்டும். நல்ல மெக்கானிக்குகளே ஏமாந்திருக்கிறார்கள்.

பிரித்தறிய இரண்டு வழி. முதலாவது, சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. பெற்றோல் என்றால் இன்ஜெக்டர் வயர்ச் சொருகியைக் கழற்றுங்கள். பழைய மெக்கானிக்கல் பம்பு டீசல் என்றால் நொசில் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கொமன் ரெயில் டீசலில், அதாவது எல்லா நொசிலுக்கும் ஒரே பொது உயரழுத்தக் குழாயில் இருந்து டீசல் போகும் வகையில், இதைக் கனவிலும் செய்யாதீர்கள். அந்தக் குழாயில் 1000 பாரைத் தாண்டிய அழுத்தம் இருக்கும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஒரு குறிப்பிட்ட சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் குறைந்தால் அது பெயாரிங். எதை நிறுத்தினாலும் அதே தட்டல் என்றால் புல்லிப் பக்கம் வாருங்கள். இரண்டாவது, பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். தண்ணீர்ப் பம்பு நிற்பதால் அதற்கு மேல் வேண்டாம். சத்தம் மாறினாலோ நின்றாலோ புல்லி, டென்ஷனர், ஓல்டர்னேற்றர் என்று பெல்ட் ஓடும் சாமான்களில் ஒன்றுதான்.

பிறகு இஞ்சினை நிறுத்தி, புல்லியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். நடு போல்ட்டைச் சுற்றிச் செந்நிறக் கறள் தூள் படிந்திருக்கிறதா? அது வெறும் கறள் இல்லை. இரண்டு இரும்பு நுண்ணியதாக உரசி அரைந்த மா. கிராங் மூக்கில், அதாவது முன்முனையில், ஒரு வெட்டுக்குள் பொருந்தும் சின்ன இரும்புத் துண்டான கீதான் புல்லியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அநேக இஞ்சின்களில் அது இடம் காட்டுவதற்கு மட்டும். பாரத்தைச் சுமப்பது போல்ட்டின் இறுக்கம். இறுக்கம் தளர்ந்ததும் கீ ஒவ்வொரு வெடிப்புக்கும் அடி வாங்கி, தன் வெட்டையும் சேர்த்து அகலமாக்கிவிடும். மிற்சுபிஷி 4டி56 பூட்டிய பஜெரோ, டெலிக்கா வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டைமிங் பெல்ட்டின் பல்சில்லும் அதே மூக்கில்தான் இருக்கிறது. அது நழுவினால் வால்வு பிஸ்டனில் முட்டும், பிறகு டக் டக்கும் இராது, இஞ்சினும் இராது.

வெட்டு கொஞ்சம் அகன்றிருந்தால் எபொக்சி போட்டு அடைத்துத் தருகிறேன் என்பவர் உண்டு. நம்பாதீர்கள். லேசாக என்றால் நல்ல லேத்தில் புது வெட்டு வெட்டலாம். மோசம் என்றால் கிராங் மாற்றத்தான் வேண்டும்.

"டைமிங் பிடிபடுதில்லை, கோட்டுக்கு வைச்சா சூடேறுது"

இதுதான் எனக்குப் பிடித்த கோளாறு, கண்டுபிடித்ததும் சிரிப்பு வரும். தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் அடையாளக் கோடு பல இஞ்சின்களில் வெளி வளையத்தில் வெட்டப்பட்டிருக்கும். றப்பர் விட்டு வளையம் பத்துப் பாகை நழுவினால் கோடும் பத்துப் பாகை நழுவும். இஞ்சின் சரியாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வது கோடு. அந்தக் கோட்டை நம்பி, தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பினால், திருப்பிய திசையைப் பொறுத்து இழுவை போகும், சூடேறும், அல்லது பிஸ்டன் கிலுங்கும்.

சரிபார்க்க, முதலாம் பிளக்கைக் கழற்றி, நீளமான மொத்தப் பிளாஸ்ரிக் ஸ்ட்ரோவை உள்ளே விட்டு, போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இஞ்சினைச் சுற்றுங்கள். ஸ்ட்ரோ ஏறி உச்சியில் நிற்கும் இடத்தில் கோடும் பூச்சியத்தில் நிற்கவேண்டும். இரண்டு, மூன்று பாகை முன்பின்னாகத் தெரிவது ஸ்ட்ரோவின் குற்றம். அதற்கு மேல் என்றால் வளையம் நழுவிவிட்டது. ஈர்க்கு விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், உடைந்து உள்ளே விழுந்தால் அழவேண்டி வரும்.

சில இஞ்சின்களில் கிராங் சென்சர் படிக்கும் பல்வளையம் புல்லியிலேயே இருக்கும். அது வெளி வளையத்தோடு சேர்ந்து நழுவினால் கொம்பியூட்டர் குழம்பும். பிழைக் கோட் பி0335, அல்லது காரணமில்லாமல் மிஸ் அடிப்பதாக பி0300 காட்டும். சென்சரை இரண்டு முறை மாற்றியும் கோட் திரும்பத் திரும்ப வந்தால் புல்லியைப் பாருங்கள்.

"பெல்ட் கத்துது", "முன் சீல் மாத்தியும் ஒழுகுது"

இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். பெல்ட் இறுக்கம் சரி, பெல்ட்டும் புதிது, ஆனாலும் கிறீச்சிட்டு ஒரு பக்கமாக நார் பிய்கிறது என்றால் வளையம் முன்னால் அல்லது பின்னால் நகர்ந்திருக்கும். மற்றப் புல்லிகளோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நேரான சட்டம் வைத்துப் பாருங்கள். பின்னால் நகர்ந்த வளையம் டைமிங் கவரை அரைத்து, அதன் வழியே பெல்ட்டையும் தொடும். டொயோட்டாவின் 2ஜேஇசட் இஞ்சின்களுக்கு இந்த விடயத்தில் பெயரே உண்டு. சீல் ஒழுக்கு என்றால், சீல் தொடுகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது, புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். மெல்லிய திருத்தக் குழாய் ஒன்று அடித்து ஏற்றலாம். ஒழுகிய ஒயில் றப்பரையும் ஊறவைத்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். இஞ்சினை மண்ணெண்ணெய், டீசல் ஊற்றிக் கழுவும் எங்கள் பழக்கமும் அந்த றப்பருக்குக் கூடாது. மாரியில் சேறு அப்பினால் சவர்க்காரத் தண்ணீர் போதும்.

"ஒண்டும் தெரியுதில்லை, நல்லா ஓடுது"

எனக்கு அதிகம் பயம் இந்த வாடிக்கையாளரில்தான். டர்போ ஏற்றிய 1எச்இசட் லாண்ட் குரூசர், சுற்றெல்லை உயர்த்திய பெற்றோல் கார், அலுமினியப் புல்லி போட்ட கார். நல்லாத்தான் ஓடும். உள்ளே ஃபிளைவீல் போல்ட் தளரும், டைமிங் சங்கிலி நீளும், கிராங் முனையில் ஓடும் ஒயில் பம்பின் பல்சில்லில் வெடிப்பு விழும். ஒயில் அழுத்தம் போனபிறகு பெயாரிங்கைக் குற்றம் சொல்வோம்.

அந்த அலுமினியப் புல்லி பற்றி ஒரு வார்த்தை. ஒன்லைனில் வாங்கி ஒரு தம்பி கொண்டுவந்தார், சிவப்பு நிறம், பார்க்க வடிவு. "பாரம் குறைஞ்சா பவர் கூடும் எண்டு போட்டிருக்கு அண்ணை." சுழலும் பாரம் குறைந்தால் சுற்று கொஞ்சம் சுறுசுறுப்பாக ஏறும், அது உண்மை. இஞ்சினின் பவர் அதனால் பிறப்பதில்லை. என் விதி இலேசானது. கழற்றிய கொம்பனிப் புல்லியில் றப்பர் வளையம் இருந்ததா? இருந்தால் றப்பரோ திரவமோ இல்லாத எதையும் அந்த இடத்தில் பூட்டமாட்டேன். சில சின்ன மூன்று, நாலு சிலிண்டர் இஞ்சின்களில் கொம்பனியே வெறும் இரும்புப் புல்லிதான் போட்டிருக்கும். கிராங்கின் நீளம் குறைவு, தாளம் மிக உயரத்தில், அங்கே பயமில்லை. தம்பி பழையதைத் தூக்கி வீசியிருக்கவில்லை, நல்ல காலம்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை. பிள்ளைகளின் டிப்பெக்ஸை எடுத்து, உள் துண்டில் தொடங்கி, றப்பரைத் தாண்டி, வெளி வளையம்வரை ஒரே நேர்கோடு போடுங்கள். போடும்போதே ரோச் அடித்து றப்பரைப் பாருங்கள். வெடிப்பு, பிதுங்கல், துண்டு குறைவு எதுவும் கூடாது. திரவ வகை டாம்பரில் கோடு வேலை செய்யாது, அதில் வளையம் உள்ளே மறைந்திருக்கும். பெட்டியில் நசிவு, ஒழுக்கு பாருங்கள். ஒரு சின்ன நசிவுகூட உள்வளையத்தைச் சிக்கவைக்கும்.

கழற்றுவதும் பூட்டுவதும் பற்றிச் சுருக்கமாக. புல்லியை இழுத்துக் கழற்றும் புல்லரின் போல்ட்டுகள் உள் துண்டில் உள்ள துளைகளில் ஏறவேண்டும். வெளி விளிம்பில் கொக்கி போட்டு இழுத்தால் நல்ல றப்பரையும் பிய்த்துவிடுவீர்கள். போல்ட்டில் கம்பி மாட்டிவிட்டு ஸ்ராட்டரைத் தட்டிக் கழற்றும் வித்தை வேண்டாம், கம்பி எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏற்றும்போது சுத்தியல் கூடாது. நான் ஒரு புதுப் புல்லியைப் பலகை வைத்து அடித்து ஏற்றி, அன்றே ஆட்டம் கண்டு, என் காசில் இன்னொன்று வாங்கினேன். கைநூலில் உள்ள இறுக்க அளவை டோர்க் ரென்ச்சில் வைத்து இறுக்குங்கள். ஒருமுறை மட்டும் பாவிக்கும் போல்ட் என்று எழுதியிருந்தால் புதுப் போல்ட்.

வாங்கும்போது, கொழும்பில் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பினால் பழைய புல்லியையே கையோடு கொடுத்து விடுங்கள். இஞ்சின் பெயரை மட்டும் சொல்லி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பெட்டியில் கொம்பனிப் பெயர், உள்ளே இருந்தது வேறு. பாரம் தூக்கிப் பார்த்தாலே பழையதைவிட இலேசு. றீகண்டிஷன் சாமானில் றப்பரின் வயது யாருக்கும் தெரியாது, காய்ந்து கல்லாயிருக்கும். பாரம், றப்பர்த் தடிப்பு, கோடு வெட்டிய இடம் மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பூட்டியதும் மறுபடி டிப்பெக்ஸ் கோடு. வவுனியாவில் போட்டால் முறிகண்டியில் எப்படியும் எல்லோரும் நிற்பீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, இஞ்சினை நிறுத்தியபின் போனட்டைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். கோடு றப்பரில் முறிந்து இரண்டாக நின்றால் மேற்கொண்டு ஓடாதீர்கள். கிளிநொச்சியில் இருந்து ஆளை வரச்சொல்ல அங்கிருந்து அதிக தூரமில்லை.